கிரைண்டரத் தூக்கிட்டு வந்த கடன் கம்பெனியும் கர்த்தர் போட்ட எல்லையும்: ஒரு தம்பியோட கேள்விக்கு பதில்

தென்காசி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, போடல. மகளிர் குழுக்களுக்கு லோன் குடுக்கிற ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனில பிராஞ்ச் மேனேஜர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ரெண்டு பிள்ளைங்க, வீட்டு லோன் ஓடிட்டு இருக்கு. அவரு எழுதினதச் சுருக்கிச் சொல்றேன்: அவருக்குக் கீழ வேலை பாக்குற ஒரு பையன், மூணு டியூ கட்டாம நின்னுபோன ஒரு அம்மா வீட்டுக்குப் போய் அவங்க இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிற கிரைண்டரத் தூக்கிட்டு வந்துட்டான், அது இப்ப பிராஞ்ச்ல ஸ்டோர் ரூம்ல இருக்கு, பதினஞ்சு நாளாச்சு. ஏரியா மேனேஜர் "நல்ல வேலை, இப்ப தானா வருவா பாரு"ன்னு சொன்னாராம். இவருக்குத் தூக்கம் வரல. சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட கேட்டா "தொழில் வேற விசுவாசம் வேற, நீங்க ஜெபத்துல வையுங்க"ன்னாராம். மச்சான் சொல்றாரு, தாலந்து உவமையில வட்டி வாங்கலன்னுதான ஆண்டவர் திட்டினாரு, முதலாளித்துவம் வேதத்துக்கு ஒத்ததுதான்னு. தொழிற்சங்கத்துல இருக்கிற காலேஜ் ஃப்ரெண்டு சொல்றாரு, ஆதி சபையே கம்யூனிசம்தான், நீ பண்றது ரத்தம் உறிஞ்சுற வேலைன்னு. "அக்கா, வட்டி வாங்குறது பாவமா, இந்த வேலையில நான் இருக்கலாமா, இந்த இன்சென்டிவ் பணத்துல காணிக்கை போடலாமா"ன்னு மூணு கேள்வி.

தம்பி, கேள்விக்கெல்லாம் போறதுக்கு முன்னாடி அந்த கிரைண்டரத் திருப்பிக் குடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. நான் ரொம்ப வருஷம் கூட்டுறவு பாங்க்ல லோன் செக்‌ஷன்ல இருந்தவ, இப்ப கடன்ல மாட்டினவங்களுக்கு ஆலோசனை சொல்ற வேலை பாக்குறேன், அந்த அனுபவத்துல சொல்றேன், நீங்க குடுத்தது அடமானம் இல்லாத கடன், ரிசர்வ் வங்கி 2022-ல போட்ட விதிப்படி மைக்ரோ ஃபைனான்ஸ் லோன்னாலே அடமானம் இல்லாததுதான், அதனால அந்த கிரைண்டர் உங்க பிராஞ்ச்ல இருக்கிறதுக்கு எந்த சட்டத்துலயும் இடம் இல்ல, போலீஸ் கேஸ் ஆச்சுன்னா ஏரியா மேனேஜர் வாயால சொன்னத எழுத்துல தரமாட்டாரு, கையெழுத்து உங்களோடது. ஆனா இத நான் பயத்துக்காக மட்டும் சொல்லல. உபாகமம் 24-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனம் எடுத்துப் பாருங்க. திரிகையோட அடிக்கல்லையும் மேல்கல்லையும் அடகா வாங்காதே, அது ஒருத்தனோட ஜீவனையே அடகு வாங்குற மாதிரின்னு இருக்கு. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி மாவு அரைச்ச கல்லு, இன்னைக்கு அந்த அம்மாவோட கிரைண்டர். வேதம் எங்கயோ பொதுவா பேசுது, நம்ம தொழிலுக்கு அதுல ஒண்ணும் இல்லன்னு நினைக்கிறவங்க இந்த ஒரு வசனத்த உங்க ஸ்டோர் ரூம்ல நின்னு படிக்கணும்.

அதே அதிகாரத்துல இன்னும் கொஞ்சம் கீழ வாங்க, 10, 11 வசனம். கடன் குடுத்தவன் அடகு வாங்க கடன்காரன் வீட்டுக்குள்ள நுழையக்கூடாது, வெளியில நிக்கணும், கடன் வாங்கினவன்தான் எடுத்துட்டு வெளிய வரணும். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாத் தெரியும் தம்பி, ஏன்னா நம்ம ஊர்ல கடன் வசூல்னாலே வாசல்ல இல்ல, உள்ள வந்து உக்காந்துக்கிறதுதான். அந்த அம்மா சோறு பொங்குறாங்க, பிள்ள ஹோம்வொர்க் எழுதுது, பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குறாங்க, இவன் சேர்ல உக்காந்து போன் பாத்துட்டு இருக்கான், "கட்டுனாத்தான் எந்திரிப்பேன்க்கா"ங்கிறான். அடிக்கல, திட்டல. ஆனா அந்த வீடு அந்த ராத்திரி அவங்க வீடா இல்ல. அந்த வாசப்படியத்தான் கர்த்தர் எல்லையா வச்சாரு. ஏழையா இருந்தா அவன் போர்த்திக்கிற துணிய சூரியன் அஸ்தமிக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுத்துருன்னு அடுத்த வசனம், யாத்திராகமம் 22-லயும் இதே இருக்கு, வேற எதப் போர்த்திட்டுப் படுப்பான்னு கர்த்தரே கேக்குற மாதிரி.

இப்ப ரிசர்வ் வங்கி விதியப் பாருங்க. வசூல் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரு பொது இடத்துலதான் நடக்கணும், தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ அவங்க வராதபோதுதான் வீட்டுக்கோ வேலை செய்ற இடத்துக்கோ போகலாம். காலைல 9 மணிக்கு முந்தியும் சாயங்காலம் 6 மணிக்குப் பிந்தியும் கூப்பிடக்கூடாது. சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கள தொந்தரவு பண்ணக்கூடாது, பேர வெளிய போடக்கூடாது. மும்பைல உக்காந்து இத எழுதினவங்க உபாகமத்தப் பாத்து எழுதல. ஆனா ஏழைக்குக் கடன் குடுக்கிற தொழில் எந்தக் காலத்துல நடந்தாலும் அது மீறிப் போற இடம் அதேதான்: அவங்க பொழப்புக்கு வச்சிருக்கிற கருவி, அவங்க வீட்டு வாசல், அவங்க ராத்திரித் தூக்கம், அவங்க மானம்.

அதனாலதான் உங்க மச்சானுக்கும் உங்க ஃப்ரெண்டுக்கும் நான் ஒரே பதில் சொல்றேன். எந்தப் பொருளாதார முறைக்கும் வேதம் முத்திரை குத்திக் குடுக்கல. சந்தைய ஒழின்னும் சொல்லல, சந்தை போற போக்குல போகட்டும்னும் சொல்லல. எந்த முறையா இருந்தாலும் அது இதத் தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு சில இடங்கள்ல கோடு போட்டிருக்கு, அந்தக் கோடெல்லாம் ஏழையோட உயிர் எங்க இருக்கோ அங்க இருக்கு.

மச்சான் சொன்ன தாலந்து உவமை மத்தேயு 25-ல இருக்கு, சரிதான், தான் குடுத்த பணத்தப் பெருக்காம புதைச்சு வச்ச வேலைக்காரன்கிட்ட, காசுக்காரர்கிட்ட (அந்தக் காலத்து பாங்க் மாதிரி) போட்டு வட்டியாவது வாங்கியிருக்கலாமேன்னு எஜமான் கேக்குறாரு. அந்த உவமையில கடன் வாங்கின ஏழையே கிடையாது, பணம் வச்சிருக்கிற எஜமான், அவன் வேலைக்காரன், காசுக்காரன், அவ்வளவுதான். உங்க டெபாசிட்டுக்கு பாங்க் தர்ற வட்டி தப்பில்லன்னு வேணா அதுலேர்ந்து சொல்லிக்கலாம், மூணு டியூ நின்ன அம்மாவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அவங்க வர்ற இடம் அதே 25-ஆம் அதிகாரத்தோட கடைசில, பசியா இருந்தேன், ஆகாரம் குடுத்தியா இல்லையாங்கிற இடத்துல. மச்சான் அதிகாரத்த பாதியில மூடிட்டாரு.

ஃப்ரெண்டு சொன்னது அப்போஸ்தலர் 2-ம் 4-ம். சகலத்தையும் பொதுவா வச்சு அனுபவிச்சாங்க, நிலம் வீடு வித்து அப்போஸ்தலர் பாதத்துல வச்சாங்க, குறைச்சல் உள்ளவன் ஒருத்தனும் இல்ல. நிஜம், நம்ம சபைங்க அத வாசிச்சிட்டு சும்மா போறது எனக்கும் வருத்தம்தான். ஆனா அடுத்த அதிகாரத்துலயே பேதுரு, நிலத்த வித்து ஒரு பங்க ஒளிச்சு வச்ச அனனியாகிட்ட, விக்கிறதுக்கு முந்தி அது உன்னோடதுதான, வித்த பிறகும் உன் வசத்துலதான இருந்ததுன்னு கேக்குறாரு. யாரும் பிடுங்கல. அரசாங்கம் பிடுங்கி நடத்தின சோவியத் நாட்டுல நிலமும் போச்சு, ஆலயத்தையும் பூட்டினாங்க. ஃப்ரெண்டோட கோபம் எனக்குப் புரியுது, அந்தக் கோபம் ஆமோஸ் தீர்க்கதரிசி புஸ்தகத்துல நிறைய இருக்கு, ஆனா அந்தக் கோபத்துக்கு ஆதி சபைய சாட்சி கூப்பிட்டா அது முழுசா அவரு பக்கம் வராது.

இனி முதல் கேள்வி. வட்டி பாவமா?

பழைய ஏற்பாட்டுல சகோதரன்கிட்ட, ஏழைகிட்ட வட்டி வாங்காதேன்னு நேரடியாவே இருக்கு, யாத்திராகமம் 22, லேவியராகமம் 25, உபாகமம் 23. சங்கீதம் 15-ல கர்த்தரோட கூடாரத்துல தங்குறவன் யாருன்னு கேட்டு வர்ற பட்டியல்ல, பணத்த வட்டிக்குக் குடுக்காதவன்னு வருது. முதல் ஆயிரம் வருஷ சபை இதுல விளையாடவே இல்ல. 325-ல நிசேயாவுல சபைத் தலைவருங்க கூடின சங்கத்த நம்ம விசுவாசப் பிரமாணத்துக்காக மட்டும்தான் நினைக்கிறோம், அதே சங்கத்தோட 17-ஆம் விதி, வட்டி வாங்குற குருமாரப் பதவியிலேர்ந்து இறக்கணும்னு இருக்கு. அதுல பேர் சொல்லி வர்ற வட்டி எது தெரியுமா, மாசத்துக்கு நூத்துல ஒண்ணு. நம்ம ஊர் கணக்குல ஒரு ரூபா வட்டி! நெகேமியா 5-லயும் அந்த நூத்துல ஒண்ணையும் சேத்துத் திருப்பிக் குடுங்கன்னுதான் வருது.

அப்புறம் காலம் மாறிச்சு. வியாபாரத்துக்கு மூலதனம் தேவைப்பட்டுச்சு, கடன் வாங்கினவன் அத வச்சு சம்பாதிச்சா குடுத்தவனுக்கும் பங்கு வர்றது நியாயம்தானன்னு யோசிச்சாங்க. 16-ஆம் நூற்றாண்டுல ஜெனிவாவுல புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர் கால்வின் வட்டிய ஒத்துக்கிட்டாரு, ஆனா இல்லாதவன்கிட்ட வாங்கக்கூடாதுன்னு நிபந்தனை வச்சாரு. என் அபிப்பிராயமும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு தம்பி. வட்டியே பாவம்னு நான் சொல்லமாட்டேன், கூட்டுறவு பாங்க்ல நானே வட்டி போட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். மாவு வியாபாரத்த பெருசாக்க வாங்கின கடனும், புருஷன் ஆஸ்பத்திரி செலவுக்கு வாங்கின கடனும், பழைய டியூ கட்ட வாங்கின புதுக் கடனும் ஒண்ணு இல்ல. முதலாவதுல வட்டி லாபத்துலேர்ந்து வருது. மத்த ரெண்டுலயும் அவங்க சாப்பாட்டுலேர்ந்து வருது. உங்க கம்ப்யூட்டர்ல மூணுக்கும் ஒரே வட்டி ஓடும், லோன் நோக்கம்ங்கிற கட்டத்துல மூணுக்கும் "சிறுதொழில்"னு போட்டிருப்பீங்க.

எண்ணையும் பாத்திரலாம். உங்க பசங்க "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான்க்கா"ன்னு சொல்லி லோன் குடுக்கிறதா எழுதியிருக்கீங்க. ₹40,000 கடன், 24 மாசம், ஒரு ரூபா வட்டி முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் போட்டா வட்டி ₹9,600, மாசம் ₹2,067 வரும். ஆனா அந்த அம்மா மாசா மாசம் அசல குறைச்சிட்டே வர்றாங்கல்ல, கடைசி மாசம் அவங்க கையில உங்க பணம் ரெண்டாயிரம்தான் இருக்கும், அப்பவும் நாப்பதாயிரத்துக்கு வட்டி கட்டுறாங்க. குறையிற அசலுக்குக் கணக்குப் போட்டா அது வருஷத்துக்கு சுமார் 21.6 சதவீதம். பிராசஸிங், இன்சூரன்ஸ்னு ₹1,200 முன்னாடியே பிடிச்சிட்டா கிட்டத்தட்ட 25-க்குப் போயிரும். பன்னெண்டுன்னு நினைச்சு கையெழுத்துப் போட்டவங்க கட்டுறது இருபத்தஞ்சு. லோன் விவரம் போட்டுத் தர்ற ஃபேக்ட் ஷீட்ல சரியான நம்பர் அச்சடிச்சுத்தான் ஆகணும், அது விதி, ஆனா குழுப் பெண்களக் கூட்டி வச்சு வசூல் பண்ற சென்டர் மீட்டிங்ல அத யாரு வாசிச்சுக் காட்டுறா? நீங்க வாசிச்சுக் காட்டலாம், உங்களால முடிஞ்ச காரியம் இது, மேலிடத்துல யாரும் தடுக்க முடியாது.

இத விட எனக்கு உறுத்துறது வருமானம் எழுதுற இடம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ₹3 லட்சத்துக்குள்ள இருக்கணும், எல்லாக் கடனோட டியூவும் சேந்து மாச வருமானத்துல பாதியத் தாண்டக்கூடாது, இதுதான் விதி. நல்ல விதி, அந்த வீட்ல பாதிப் பணம் சோத்துக்கும் பிள்ளைங்களுக்கும் மிஞ்சணும்னு போட்டது. ஆனா ₹14,000 வர்ற வீட்டுக்கு உங்க பையன் ₹25,000-ன்னு எழுதுறான், ஏன்னா பதினாலுக்கு ஏழாயிரம் வரைக்கும்தான் டியூ ஏத்தலாம், இருபத்தஞ்சுக்கு பன்னெண்டாயிரத்து ஐநூறு. அவங்க ஏற்கனவே வேற ரெண்டு கம்பெனில கட்டிட்டு இருக்காங்கன்னு கிரெடிட் ரிப்போர்ட்ல தெரியும். தெரிஞ்சே எழுதி, தெரிஞ்சே குடுத்து, மூணாவது மாசம் நின்னுபோனதும் "பணம் வாங்குறப்ப இனிச்சுதா"ன்னு கேக்குறது. அந்த அம்மா டியூ நின்னது அவங்க தப்புனு உங்க ரிப்போர்ட்ல இருக்கும், அந்த லோன் பிறந்த அன்னைக்கே நின்னுபோறதுக்குத்தான் எழுதப்பட்டுச்சு. வட்டி விகிதத்தப் பத்தி சபைகள்ல பேசுறோம், இந்தப் பொய்க் கணக்கப் பத்தி பேசுறதில்ல, கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு நீதிமொழிகள்ல படிச்சது காய்கறிக் கடைக்கு மட்டும்னு வச்சிருக்கோம்.

"அவங்களா கேட்டுத்தான வாங்கினாங்க, கையெழுத்துப் போட்டாங்கல்ல"ன்னு ஏரியா மேனேஜர் சொல்லுவாரு. இதுக்கு நல்ல பதில் 1891-ல போப் பதிமூணாம் லியோ எழுதின ரேரும் நோவாரும்ங்கிற சுற்றுமடல்ல இருக்கு. நம்ம சி.எஸ்.ஐ. ஆளுங்க கத்தோலிக்க சபை எழுதினத அவ்வளவா எடுக்கிறதில்ல, எடுக்கணும். ஆலைத் தொழிலாளிங்க வயித்துக்கும் வாய்க்கும் எட்டாத கூலிக்கு ஒப்பந்தம் போட்ட காலம் அது. தனிச்சொத்து உரிமைய அதுல அவரு விட்டுக் குடுக்கல, சோஷலிசத்த மறுத்துத்தான் எழுதினாரு, ஆனா அதே கையால எழுதினாரு, ரெண்டு பேரும் சம்மதிச்சா மட்டும் ஒரு கூலி நியாயமாயிராது, வேற வழி இல்லாம, இத விட மோசமா ஆயிருமோங்கிற பயத்துல ஒருத்தன் ஒத்துக்கிட்டான்னா அவன்மேல பலாத்காரமும் அநியாயமும்தான் நடந்திருக்குன்னு. கூலிக்குச் சொன்னது கடனுக்கும் பொருந்தும். ஸ்கூல் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அன்னைக்கு போடுற கையெழுத்துல எவ்வளவு சம்மதம் இருக்கு?

நெகேமியா 5 முழுசா வாசிங்க தம்பி, பைபிள்ல உங்க தொழிலுக்குன்னே எழுதின அதிகாரம்னு நான் நினைக்கிறேன். பஞ்சம், மேல ராஜாவோட தீர்வை, ஜனங்க நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வச்சு தானியம் வாங்குறாங்க, அப்புறம் பிள்ளைங்களையே அடிமையா விடுறாங்க. எங்க பிள்ளைங்களும் அவங்க பிள்ளைங்களும் ஒண்ணுதானன்னு ஓன்னு அழுறாங்க. கடன் குடுத்தவங்க கள்ளனுங்க இல்ல, எருசலேமோட மதில சேந்து கட்டின அதே ஜனத்தோட பெரிய மனுஷங்க. அங்க அதிபதியா இருந்த நெகேமியா ரொம்பக் கோபப்பட்டாருன்னு இருக்கு, அதோட மனசுக்குள்ள யோசனை பண்ணி, சபையைக் கூட்டி, முகத்துக்கு நேரா கேட்டாரு. நானும் என் சகோதரரும்கூட பணமும் தானியமும் குடுத்திருக்கோம், இந்த வட்டிய விட்ருவோம்னு தன்னையும் சேத்தே பேசினாரு. நிலம் தோட்டம் வீடு எல்லாம் இன்னைக்கே திருப்பிக் குடுங்கன்னாரு, ஆசாரியங்கள வரவச்சு ஆணை வாங்கினாரு. ஜெபத்துல வையுங்கன்னு உங்க ஐயர் சொன்னாருல்ல, நெகேமியாவ விட ஜெபம் பண்ணினவரு யாரு, ஆனா அன்னைக்கு அவரு கூட்டம் போட்டாரு.

ஒரு கஷ்டமான விஷயமும் சொல்லணும், இல்லன்னா உங்ககிட்ட பாதிதான் பேசினவளாவேன். கோடு மட்டும் போட்டா கடனே கிடைக்காமப் போற ஆபத்து இருக்கு. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கடன விட்ருன்னு உபாகமம் 15 சொல்லுது, அந்த வருஷம் கிட்ட வருதேன்னு குடுக்காம இருந்துராதேன்னும் அங்கயே எச்சரிக்குது, ஏன்னா மனுஷன் அப்படித்தான் பண்ணுவான்னு தெரியும். அப்படித்தான் பண்ணினாங்க, இயேசுவோட காலத்துக்குக் கொஞ்சம் முந்தி ஹில்லேல்ங்கிற யூத போதகர், கடன நீதிமன்றத்துக்கு எழுதி வச்சுட்டா ஏழாம் வருஷ விடுதலை அதத் தொடாதுன்னு ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியதாப் போச்சு, ஏழைக்கு யாராவது கடன் குடுக்கணுமேங்கிறதுக்காக. ஆந்திராவுல 2010 அக்டோபர்ல, கடன் தொல்லையில தற்கொலைங்க நடந்து அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டப்ப, தொல்லை நின்னுச்சு, அதோட திருப்பிக் கட்டுறதும் நின்னுச்சு, புதுக் கடனும் வறண்டுபோச்சு. இங்க தமிழ்நாட்டுல கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லயே இருக்கு, இருந்தும் 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு குடும்பமே, ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட, வட்டிக் கொடுமையில உயிர விட்டுச்சு. பாளையங்கோட்டைல இருக்கிற எங்களுக்கு அது செய்தி இல்ல, எங்க ஊர். கட்டாய வசூலுக்கு எதிரா 2025-ல சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேத்தியிருக்கு. சட்டம் வேணும், வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு நாளைக்கு யாரு பணம் குடுப்பாங்கங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

இந்தக் கேள்விக்கு விசுவாசத்துலேர்ந்து ஒரு தொழில் முறையாவே பதில் சொன்ன ஒருத்தரு இருக்காரு. ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ராய்ஃபைசன், ஜெர்மனில ஒரு சின்ன ஊர் மேயர், பக்தியான புராட்டஸ்டன்ட். 1846-47 பஞ்சத்துல ஊர்க்காரங்களச் சேத்து மாவு வரவச்சு, ரொட்டி சுட்டு, கையில காசில்லாதவனுக்குக் கடனுக்குக் குடுத்தாரு. அதுலேர்ந்து வளந்ததுதான் கிராமக் கடன் சங்கம்: ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க, நிர்வாகம் பண்றவனுக்குச் சம்பளம் இல்ல, லாபம் யாரு பைக்கும் போகாது. மெட்ராஸ் அரசாங்கம் 1892-ல நிக்கல்சன்ங்கிற அதிகாரிய விவசாயக் கடனப் பத்தி ஆராயச் சொல்லிச்சு, அவரு 1895-ல குடுத்த அறிக்கையோட சாரம், ராய்ஃபைசன மாதிரி ஒருத்தரக் கண்டுபிடிங்கன்னுதான். 1904-ல கூட்டுறவுச் சட்டம் வந்துச்சு, அதே வருஷம் இன்னைக்கு திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற திரூர்ல சங்கம் ஆரம்பிச்சாங்க. நான் வேலை பாத்த பாங்க் வரைக்கும் அந்த வேர் நீண்டு வந்திருக்கு. அரசியலும் தள்ளுபடியும் புகுந்து கூட்டுறவு எவ்வளவு கெட்டுச்சுன்னு உள்ள இருந்து பாத்தவ நான், ஆனாலும் சொல்றேன், ஒவ்வொரு சேகரத்துலயும் (ஒரு போதகருக்குக் கீழ வர்ற சபைங்க) பெண்கள் ஐக்கியத்துல இருபது பேரு மாசம் இருநூறு போட்டு ஒரு வருஷம் சேத்தாக்கூட ஆஸ்பத்திரி அவசரத்துக்கு ஒரு நாப்பத்தெட்டாயிரம் நிக்கும். உங்க சபையில கணக்குத் தெரிஞ்ச ஆள் நீங்கதான்.

ரெண்டாவது கேள்வி, வேலையில இருக்கலாமா. லூக்கா 3-ல யோவான் ஸ்நானகன்கிட்ட வரி வசூல் பண்றவங்க வந்து, நாங்க என்ன பண்ணணும்னு உங்கள மாதிரியேதான் கேட்டாங்க. வேலைய விடுன்னு அவரு சொல்லல, கட்டளையிட்டதுக்கு மேல வாங்காதீங்கன்னாரு. போர்ச்சேவகர்கிட்ட, யாரையும் இடுக்கண் பண்ணாதீங்க, உங்க சம்பளம் போதும்னு இருங்கன்னாரு. மத்தேயு மட்டும் இயேசு கூப்பிட்டதும் தான் வரி வசூல் பண்ணின சுங்கச்சாவடிய விட்டே எந்திரிச்சுப் போனாரு. ரெண்டும் வேதத்துல இருக்கு, உங்களுக்கு எதுன்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது, ஆனா முதல் வழிய முயற்சி பண்ணாம ரெண்டாவதுக்குப் போகாதீங்க. உங்க நாற்காலில வேற ஒருத்தன் வந்தா அந்தப் பெண்களுக்கு என்ன ஆகும்னு யோசிங்க.

செய்ய வேண்டியது இது. கிரைண்டரக் குடுத்துட்டு எழுத்துல ரசீது வாங்குங்க. ஆறு மணிக்கு மேல யாரும் ஃபீல்டுல இருக்கக்கூடாதுன்னு உங்க பிராஞ்சுக்கு மெயில் போடுங்க, ஏரியா மேனேஜருக்குக் காப்பி போட்டு, ரிசர்வ் வங்கி விதிய மேற்கோள் காட்டி. ஒருத்தி கட்டலன்னா மத்த ஒம்பது பேரையும் சென்டர் மீட்டிங்ல உக்கார வச்சிருக்கிறத நிறுத்துங்க, அது பக்கத்து வீட்டுக்காரியையே கடன்காரி ஆக்குற வேலை. வருமானத்த நிஜமா எழுதச் சொல்லுங்க, லோன் எண்ணிக்கை குறையும், டார்கெட் போகும், அது நீங்க குடுக்க வேண்டிய விலை. அந்த அம்மாவுக்கு தவணைய நீட்டி மாசம் கட்ட முடிஞ்ச தொகைக்கு மாத்த எழுத்துல சிபாரிசு பண்ணுங்க, அபராத வட்டி நின்ன டியூவுக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் போட்டிருக்கான்னு பாருங்க. கம்பெனி புகார் பிரிவு நம்பர் லோன் கார்டுல இருக்கும், முப்பது நாள்ல பதில் வரலன்னா புகார விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு அந்த அம்மாவே எழுதலாம், எழுதத் தெரியலன்னா எழுதிக் குடுக்க ஆள் காட்டிவிடுங்க. இவ்வளவும் பண்ணின பிறகு "பழைய மாதிரியே வசூல் பண்ணு, இல்லன்னா போ"ன்னு மேலிடம் சொன்னா, போங்க. அன்னைக்கு அது உங்களுக்குக் குழப்பமா இருக்காது. கூட்டுறவு சங்கங்கள்லயும் ஊருக்குள்ள பாங்க் சார்பா சேவை குடுக்கிற பாங்க் கரஸ்பாண்டன்ட் வேலைங்கள்லயும் உங்க அனுபவத்துக்கு இடம் இருக்கு, சம்பளம் குறையும், அதுக்கு இப்பவே ஆறு மாசச் செலவு ஒதுக்கி வைக்க ஆரம்பிங்க.

மூணாவது, இன்சென்டிவ்ல காணிக்கை. ஆமோஸ் 2-ல அடமானமா வாங்கின துணிய விரிச்சு பீடத்துக்குப் பக்கத்துலயே படுத்துக்கிறாங்கன்னு கர்த்தர் குற்றம் சாட்டுறாரு, அந்த வசனம் தெரிஞ்ச பிறகு அந்தப் பணத்த உண்டியல்ல போட எனக்கு மனசு வராது. வரி வசூல் பண்ணின சகேயு இயேசுவப் பாத்ததும் என்ன பண்ணினான் பாருங்க, பாதி ஆஸ்திய ஏழைங்களுக்குன்னான், அநியாயமா வாங்கினத நாலு மடங்கா திருப்பிக் குடுக்கிறேன்னான். வாங்கினது யாருகிட்டயோ அவங்களுக்கே. அந்த அம்மா பதினஞ்சு நாள் மாவு அரைக்கல, ஒரு நாளைக்கு என்ன நிக்கும்னு கேட்டு அந்த நஷ்டத்த உங்க சொந்தப் பணத்துலேர்ந்து குடுங்க, கம்பெனி டியூவுல கழிக்காதீங்க, அது வேற கணக்கு. வாங்கமாட்டேன்னு சொன்னா பொருளா குடுங்க, அரிசி உளுந்து மொத்தமா எடுத்துக் குடுக்கலாம். தூக்கிட்டு வந்த அந்தப் பையனையும் கூட்டிட்டுப் போங்க, ஆனா அவங்க முன்னாடி அவனத் திட்டாதீங்க, அவனுக்கும் வயசு இருபத்து மூணுதான், டார்கெட் குடுத்து அனுப்பினது நீங்கதான்.

வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லலன்னு கடைசில எழுதியிருக்கீங்க. இன்னைக்கு ராத்திரியே சொல்லிருங்க. சம்பளம் குறைஞ்சா சமாளிக்கப் போறது அவங்களும்தான், அவங்களுக்குத் தெரியாம இந்த மெயில அனுப்பாதீங்க. ஏரியா மேனேஜர்கிட்டேர்ந்து பதில் வந்ததும் அத அப்படியே எனக்கு அனுப்புங்க, அடுத்து என்ன எழுதணும்னு சேந்து பாப்போம்.